பதிலைச் சுமந்து வரும் கேள்வி

"சனம் படிச்சா இந்தப் பீதியெல்லாம் தன்னால ஒழிஞ்சிரும்." மட்டக்களப்பில் இந்தப் பேச்சை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. 2011இல், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் திரிகிறார்கள் என்ற கிறீஸ் பூதப் பீதி வந்த காலத்தில் சொன்னார்கள். 2018இல் சாப்பாட்டுக் கடைகளில் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று அம்பாறை நகரம் கொதித்தபோதும் சொன்னார்கள். ஒரு பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குத் துஷ்பிரயோகம் நடக்கிறது என்று வட்சப்பில் குரல்பதிவு சுற்றத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். சொல்கிறவர் ஆசிரியராக இருப்பார், பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தராக இருப்பார், உளவளத்துணையில் டிப்ளோமா முடித்தவராகவும் இருப்பார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஒழுக்கத்தின் பெயரால் எழுந்த மிகப் பெரிய பீதிகளில் ஒன்றை, சாத்தானுக்குச் சடங்கு செய்து பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்ற அமெரிக்கப் பீதியை, நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள், சமூக சேவையாளர்கள், அரச சட்டத்தரணிகள், தொலைக்காட்சி நிருபர்கள். எல்லோரும் பட்டம் பெற்றவர்கள். பிள்ளைகள் மீது அவர்களுக்கு இருந்த அக்கறையும் உண்மையானது.

பீதி எந்தத் தலைக்குள் புகுகிறது என்று தேடுவதை விட, எந்த இடத்தில் அது "சாட்சி"யாக மாறுகிறது என்று பார்ப்பதே பயன் தரும். வதந்தி எப்போதும் இருக்கும். சந்தையில் இருக்கும், ஆஸ்பத்திரி வரிசையில் இருக்கும், கோயில் வீதியில் இருக்கும். ஒரு நாள் அதற்கு ஒரு வாக்குமூலம் கிடைக்கிறது. "அவனே ஒத்துக்கொண்டான்", "பிள்ளையே வாயால் சொன்னது" என்ற நிலை வந்த பிறகு யாரும் அதை வதந்தி என்று சொல்வதில்லை. அந்த வாக்குமூலம் எப்படிப் பிறக்கிறது என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது.

அம்பாறையில் ஒரு தலையாட்டல்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் நடந்ததை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். அடுத்து நடந்தவையே அதிகம் பேசப்பட்டன: கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன, ஒரு கிழமைக்குள் கண்டி மாவட்டத்தில் திகன எரிந்தது, மார்ச் 6இல் அவசரகால நிலை வந்தது. நான் நிற்க விரும்புவது அதற்கு முந்திய சில நிமிடங்களில்.

சாப்பிட வந்த ஒருவருக்குக் கறிக்குள் ஒரு வெள்ளைக் கட்டி தட்டுப்பட்டது. அம்பாறையில் முஸ்லிம் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் 23,000 மலட்டு மாத்திரைகள் பிடிபட்டன என்ற பொய் ஏற்கெனவே பேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே அந்தக் கட்டி என்னவென்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் காசாளரைச் சூழ்ந்துகொண்டது. அவருக்குச் சிங்களம் அரைகுறை. மாத்திரை என்ற எண்ணமே அவருக்கு எட்டவில்லை. கறியில் மாவுக் கட்டி கிடந்ததற்குத்தான் சத்தம் போடுகிறார்கள் என்று அவர் விளங்கிக்கொண்டார். போட்டாயா இல்லையா என்று திரும்பத் திரும்பக் கத்தினார்கள். முன்னால் கைத்தொலைபேசி பதிவு செய்துகொண்டிருந்தது. பயத்தில், உடைந்த சிங்களத்தில், போட்டோம் என்ற பொருள்பட ஏதோ சொன்னார். அவ்வளவுதான். அந்தச் சில விநாடிப் பதிவு நாடு முழுவதும் போனது.

கறிக்குள் கட்டி வருவது எந்தச் சமையலறையிலும் நடக்கக்கூடியது. குழம்பைத் தடிப்பாக்கக் கோதுமை மாவைக் கொதிக்கிற சட்டிக்குள் நேரே தூவினால், உருண்டையின் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகிவிடும். அந்தப் பசையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. நடுவில் காய்ந்த மா வெள்ளையாகவே நிற்கும், கடித்தால் மாத்திரை உடைவதைப் போல நொறுங்கும். மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருந்தால் கட்டி வந்திருக்காது. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையும் அதைத்தான் சொன்னது: மாப்பொருள், மருந்து எதுவும் இல்லை. ஒரு தடவை சாப்பாட்டோடு உள்ளே போய் ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் கிடையாது. பெண்கள் எடுக்கும் கருத்தடை மாத்திரை நாள் தவறாமல் எடுத்தால்தான் வேலை செய்யும், விட்டுவிட்டால் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். ஆணுக்கு வாயால் எடுக்கும் கருத்தடை மாத்திரை பாவனையிலேயே இல்லை. தாதி ஒருவரைக் கேட்டிருந்தால் அன்றிரவே சொல்லியிருப்பார்.

ஆனால் அன்றிரவு கேட்கப்பட்ட கேள்வி அந்த மாதிரியானதல்ல. அதற்குள் குற்றம் இருந்தது, குற்றவாளி இருந்தார், பொருள் இருந்தது, நோக்கமும் இருந்தது. காசாளர் போட வேண்டியிருந்தது தலையாட்டல் ஒன்று மட்டும். "இல்லை" என்றிருந்தால்? மறைக்கிறான் என்று அடித்திருப்பார்கள். அங்கே எந்தப் பதிலுக்கும் ஒரே பொருள்தான்.

ஒரு பொலிஸ் கடிதம்

இதே அமைப்பு, இதை விட மெதுவாக, இதை விட நாகரிகமாக, கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் என்ற கடற்கரைப் பட்டினத்தில் நடந்தது. அங்கே மக்மார்ட்டின் என்ற பாலர் பாடசாலை இருந்தது. 1983 ஓகஸ்டில் ஒரு தாய், பாடசாலையில் வேலை செய்த இளைஞர் தன் மகனைத் துஷ்பிரயோகம் செய்ததாக முறையிட்டார். பொலிஸ் விசாரித்தது. செப்டெம்பர் 8இல் பொலிஸ் தலைவர் சுமார் 200 பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சந்தேக நபரின் பெயர் அதில் இருந்தது. என்னென்ன குற்றங்கள் நடந்திருக்கலாம் என்ற விவரமும் ஒவ்வொன்றாக இருந்தது. பிள்ளைகளை நிர்வாணமாகப் படம் எடுத்திருக்கலாம் என்றும், தூக்க நேரத்தில் அவர் ஒரு பிள்ளையோடு தனியே வெளியே போனதையோ ஒரு பிள்ளையைக் கட்டிப்போட்டதையோ உங்கள் பிள்ளை பார்த்ததா என்று கேளுங்கள் என்றும் எழுதியிருந்தது. விஷயத்தை இரகசியமாக வைத்திருக்கவும் சொன்னது. 200 வீடுகளில் அன்று மாலை என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

அதன் பிறகு பிள்ளைகள் ஒரு சிறுவர் நிறுவனத்துக்கு நேர்காணலுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். சுமார் 400 பிள்ளைகள் கேட்கப்பட்டார்கள். அவர்களில் 360 பேரளவில் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானவர்கள் என்று நிறுவனம் முடிவு செய்தது. கைப்பொம்மைகளை வைத்துக் கேட்டார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்றார்கள். சொன்ன பிள்ளையைக் கெட்டிக்காரி என்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்ற பிள்ளையிடம் ஏமாற்றத்தைக் காட்டினார்கள். பதில் வந்த பிறகும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். தெரியாது என்றால், நடந்திருக்கலாம் என்று நினைத்துப் பார் என்றார்கள். கிடைத்த சாட்சியங்களில் நிலத்தடிச் சுரங்கம் இருந்தது, பறக்கும் சூனியக்காரி இருந்தாள், மிருக பலி இருந்தது, சாத்தான் வழிபாடு இருந்தது. பெற்றோர்கள் மண்வெட்டி கொண்டுவந்து தோண்டினார்கள். ஏழு பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஐந்து பேர் மீதான வழக்கை அரச தரப்பே 1986இல் கைவிட்டது. அந்த இளைஞர் தீர்ப்பு எதுவும் இல்லாமலே ஐந்து ஆண்டுகள் சிறையில் கிடந்தார். ஏழு ஆண்டுகள், சுமார் ஒன்றரைக் கோடி டொலர், ஒரு தண்டனைத் தீர்ப்பும் இல்லாமல் 1990இல் எல்லாம் முடிந்தது.

சாத்தான் எங்கிருந்து வந்தான்? 1980இல் கனடாவின் விக்டோரியா நகரத்து மனநல மருத்துவர் ஒருவரும் அவரிடம் சிகிச்சை பெற்ற பெண்ணும் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். சிறுவயதில் சாத்தான் வழிபாட்டுக் குழுவிடம் அகப்பட்டதாகவும், அது முழுக்க மறந்துபோய்ச் சிகிச்சையில் நினைவுக்கு வந்ததாகவும் அந்தப் பெண் சொன்னார். அந்த மருத்துவர் ஆழ்ந்த கத்தோலிக்கர். நூறுநூறு மணித்தியாலங்கள் நீண்ட அமர்வுகளில் எழுந்த நினைவுகள் அவை. சொன்னவற்றுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்பது பிறகு வெளிவந்தது. ஆனால் அதற்குள் அந்த நூல் சமூக சேவையாளர்களுக்கும் பொலிசாருக்கும் நடந்த பயிலரங்குகளில் பாடமாகியிருந்தது. ஆலயப் பிரசங்கத்தில் வந்த சாத்தானை நம்பாதவர்கூட, மருத்துவரின் கோப்பிலிருந்து வந்த சாத்தானை நம்பினார். மதம் உருவத்தைக் கொடுத்தது, உளவியல் அதற்கு முத்திரை குத்திக் கொடுத்தது. இரண்டும் தனித்தனியே நின்றிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

உளவியல் கொடுத்த இன்னொன்று இதை விடப் பாரதூரமானது. 1983இல் ரோலன்ட் சமிட் என்ற மனநல மருத்துவர், துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளைகள் இரகசியம் காப்பார்கள், பிந்திச் சொல்வார்கள், சொன்னதைப் பின்னர் மறுக்கவும் கூடும் என்று எழுதினார். பாதிக்கப்பட்ட பிள்ளையின் தயக்கத்தை விளங்கிக்கொள்ள உதவும் நல்ல கருத்து அது. பயிலரங்குகளில் அது தலைகீழானது. மறுக்கிற பிள்ளை பாதிக்கப்பட்ட பிள்ளை, இல்லை என்றதை மாற்றினால் பாதிக்கப்பட்ட பிள்ளை, மாற்றியதைத் திரும்ப மறுத்தாலும் பாதிக்கப்பட்ட பிள்ளை என்றாகியது. சமிட்டே 1992இல் தன் கருத்து எப்படிப் பிழையாகக் கையாளப்படுகிறது என்று எழுத வேண்டி வந்தது. "இல்லை" என்ற பதிலை ஏற்க இடமில்லாத விசாரணை, அம்பாறைக் கடையில் கூட்டம் நடத்தினாலும் சரி, குளிரூட்டிய அறையில் பட்டதாரி நடத்தினாலும் சரி, ஒரே விளைச்சலைத்தான் தரும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1998இல் டெக்சாசில் ஒரு ஆய்வுக் குழு, 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு புதியவரை அனுப்பிக் கதை சொல்ல வைத்தது. ஒரு கிழமை கழித்து, அவர் செய்யாதவற்றைச் செய்தாரா என்று கேட்டார்கள். பதிலை உள்ளே வைத்த கேள்விகளை மட்டும் கேட்டபோது 17 சதவீதப் பதில்கள் பொய்க் குற்றச்சாட்டாக வந்தன. அதோடு மக்மார்ட்டின் நேர்காணலில் இருந்த பாராட்டையும் ஏமாற்றத்தையும் "மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்" என்பதையும் சேர்த்தபோது அது 58 சதவீதமானது. எடுத்த நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு.

வாக்கும் வைத்தியமும்

மட்டக்களப்பில் மதத்தைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. இங்கே வைகாசிச் சடங்கில் தெய்வமாடுபவர் வாக்குச் சொல்வார், சடங்கு நடத்தும் கட்டாடியார் நூல் கட்டுவார், முஸ்லிம்களிடையே தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், சபைகளில் பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். 1990களில் இங்கே களஆய்வு செய்த மானிடவியலாளர் பட்றீசியா லோறன்ஸ், காணாமல் போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இராணுவ முகாம் வாசலில் கேட்க முடியாத கேள்வியை அங்கேதான் கேட்க முடிந்தது. அந்தத் தாய்மாருக்கு அழ ஓர் இடம் கிடைத்தது. அந்த வாக்கு யார் வீட்டையும் எரிக்கச் சொல்லவில்லை. நேர்த்தி வைக்கச் சொன்னது, விளக்கேற்றச் சொன்னது.

ஆபத்து வருவது வேறோர் இடத்தில். "ஆரோ கிட்டத்தில உள்ள ஆக்கள்தான் செஞ்சிருக்காங்க" என்று செய்வினைக்காரரைத் தேடும்போது கேள்வி அயல்வீட்டை நோக்கித் திரும்பிவிடும். வந்தவர் மனதில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும். குறி பார்க்கிறவர் ஒவ்வொரு அடையாளமாகச் சொல்லிக்கொண்டே முகத்தைக் கவனிப்பார். கறுத்த ஆளா, உங்கட தெருவா, காணிப் பிரச்சினை இருந்ததா? முகம் மாறும் இடத்தில் நிற்பார். பெயரை வந்தவரே சொல்லிவிட்டு, சாமி சொன்னது என்று வீட்டுக்குப் போவார். மட்டக்களப்பார் வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எங்களைப் பற்றிச் சொன்னதும் இதே வகைதான். ஒரு ஊரே இப்படிப் பெயர் கெட்டால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு கல்லடி முதல் திருக்கோவில் வரை உளவளத்துணை வந்து குவிந்தது. ஆழமாகப் படித்துப் பல்லாண்டு இங்கேயே நின்றவர்களும் இருந்தார்கள். இரண்டு நாள் பயிற்சியோடு சான்றிதழ் வாங்கியவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் பரவிய அறிகுறிப் பட்டியல்கள் இன்றும் கைமாறுகின்றன: படுக்கையில் சிறுநீர், கெட்ட கனவு, தனியே தூங்கப் பயம், நகம் கடித்தல், கறுப்பு நிறத்தில் படம் வரைதல், ஆளைக் கண்டால் ஒளிதல். "இவற்றில் மூன்று இருந்தால் பிள்ளைக்கு ஏதோ நடந்திருக்கிறது." எந்தப் பாலர் வகுப்பிலும் பாதிப் பிள்ளைகளுக்கு இவற்றில் மூன்று இருக்கும். தாய் குவைத்தில் வேலைக்குப் போய் அம்மம்மாவோடு வளரும் பிள்ளைக்கு ஐந்து இருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஏதோ நடந்திருப்பது உண்மைதான், தாய் போய்விட்டாள். பட்டியல் அதை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுகிறது.

வேறு வழியும் இந்த ஊரிலேயே இருந்தது. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரைப் பார்த்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண்ணோடும் நிறத்தோடும் கதையோடும் இருந்தார்கள். என்ன நடந்தது, யார் செய்தது என்று யாரும் தோண்டவில்லை. சொல்ல நினைத்த பிள்ளை தன் நேரத்தில் சொன்னது.

குருநாகலில் நடந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலை மட்டக்களப்பில் யாருக்கும் விவரிக்க வேண்டியதில்லை. அந்தக் காயம் உண்மை. அடுத்த மாதமே ஒரு சிங்களப் பத்திரிகை, குருநாகலில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று செய்தி போட்டது. முறைப்பாடு இருந்தால் வாருங்கள் என்று அழைப்பும் போனது. நூற்றுக்கணக்கான பெண்கள் வந்தார்கள். அவர்கள் பொய் சொல்ல வந்தவர்கள் இல்லை. இரண்டாவது பிள்ளை ஏன் தங்கவில்லை என்று ஆண்டுக்கணக்காக அழுதவர்களுக்கு ஒருவர் காரணத்தோடு பெயரையும் கொடுத்துவிட்டார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. அழைப்பின் வடிவம் மன்ஹாட்டன் பீச்சுக் கடிதத்தின் வடிவமேதான்.

"உங்களுக்குப் பிரமை" என்று சொல்வதும் பிழை

2011 ஓகஸ்டில் உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் பெண்களைத் தாக்குகிறார்கள் என்று கிழக்கு முழுவதும் இரவுகள் விடியாமல் கிடந்தன. ஆண்கள் பொல்லோடு காவல் நின்றார்கள். முகாமுக்குள் ஓடினான் என்று சனம் முகாம்களைச் சூழ்ந்தது. அறிமுகமில்லாத வியாபாரிகள் அடிபட்டார்கள். அப்போது கொழும்பிலிருந்து ஒரு விளக்கம் வந்தது: கூட்டு மனப்பிராந்தி. போரில் பாதிக்கப்பட்ட பெண்களின் கற்பனை. இதுவும் மேலோட்டமான உளவியல்தான், ஆனால் மறுபக்கத்தில் இருந்து. முற்றத்தில் ஆள் நின்றான் என்று சொன்ன பெண்ணிடம் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. எந்த வேலிப் பக்கம், எவ்வளவு தூரம், விளக்கு எரிந்ததா, என்ன கண்டாய்? ஊர்க்காரர் அவளிடம் "கிறீஸ் பூதம்தானே?" என்றார்கள். அதிகாரிகள் "பயத்தில் கண்டதுதானே?" என்றார்கள். இரண்டு கேள்வியும் அவள் கண்டதைக் கேட்கவில்லை. அந்த இரவுகளில் உண்மையாகவே வேலி பாய்ந்தவர்கள் இருந்திருந்தால், அவர்கள் தப்பியது இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவால்தான்.

இங்கிலாந்தில் மானிடவியலாளர் ஜீன் லா ஃபொன்டேன் சாத்தான் சடங்குத் துஷ்பிரயோகம் என்று சொல்லப்பட்ட 84 வழக்குகளை ஆராய்ந்து 1994இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். சாத்தான் வழிபாட்டுக்கு ஆதாரம் எதிலும் இல்லை. மூன்றில் மட்டும், சாதாரணக் குற்றவாளிகள் பிள்ளைகளை மிரட்டி வாயடைக்கச் சடங்கு வேஷம் போட்டிருந்தார்கள். அந்த மூன்றில் இருந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பூதத்தைத் தேடிய கூச்சலில் அவர்களின் குரல் எவ்வளவு பிந்திக் கேட்டிருக்கும்.

கேட்கும் முறை

ஆகவே, பாலர் பாடசாலை ஆசிரியைக்கும் தாய்க்கும் அதிபருக்கும் தேவைப்படுவது இதுதான். முதலில் பிழையாகப் போவது எப்படி என்று பாருங்கள். நாலு வயதுப் பையனிடம் பெரியம்மா கேட்கிறார்.

"டீச்சர் உன்ன அறைக்குள்ள வெச்சிப் பூட்டினவங்களா மனே?"
"இல்ல."
"பயப்படாமச் சொல்லு மனே, பெரியம்மா அடிக்க மாட்டன். பூட்டினதானே?"
"...ம்."
"நேத்தா?"
"ம்."
"என்ர தங்க மகன்."

ஏழே வரியில் ஒரு குற்றம், ஒரு குற்றவாளி, ஒரு நாள் மூன்றும் உருவாகிவிட்டன. பையன் சொந்தமாகச் சொன்ன ஒரே சொல் "இல்ல". அந்தச் சொல் இனி எந்தக் குறிப்பிலும் இருக்காது. ஒரு தரம் பதில் சொன்ன கேள்வியைப் பெரியவர் திரும்பக் கேட்டால், முதல் பதில் பிழை என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும், வகுப்பில் அது அப்படித்தான் பழகியிருக்கிறது. பெரியவர் சொன்னால் மறுத்துப் பேசாதே என்று நாங்களே வளர்த்த பிள்ளை, இந்த ஒரு நேரத்தில் மட்டும் மறுத்துப் பேசும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு பிள்ளை தானாக ஏதாவது சொன்னால், அல்லது உண்மையான ஐயம் இருந்தால், பயிற்சி பெறாதவர் கேட்க வேண்டியது மிகக் குறைவு. "என்ன நடந்தது எண்டு சொல்லு." நின்றால், "பிறகு?" பிள்ளையே ஒரு சொல்லைச் சொன்னால் அதை மட்டும் பிடித்து, "அந்த அறையைப் பத்தி இன்னும் சொல்லு." இதற்கு மேல் வேண்டாம். பெயரை நீங்கள் முதலில் சொல்லக் கூடாது, உடல் உறுப்பை நீங்கள் முதலில் சொல்லக் கூடாது. கண்ணை அகட்டாமல், அழாமல், பாராட்டாமல் கேட்க வேண்டும். "சொன்னது நல்லது, இது உன்ர பிழை இல்ல" என்று முடிவில் ஒரு தரம் சொல்லலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணக் கூடாது, சொல்லத்தான் போகிறீர்கள். பிறகு தனியே இருந்து எழுதுங்கள்: திகதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், பிள்ளை பேசத் தொடங்க முன் என்ன நடந்துகொண்டிருந்தது. நீங்கள் கேட்ட கேள்வியை அப்படியே, பிள்ளை சொன்ன சொல்லையும் அப்படியே. "மாமா அங்க கிள்ளினார்" என்று பிள்ளை சொன்னால் அப்படித்தான் எழுத வேண்டும், "பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்" என்று திருத்தி எழுதினால் அந்தக் குறிப்பு பயனற்றதாகிவிடும். "இல்ல", "தெரியா" என்பவற்றையும் எழுதுங்கள்.

அடுத்தது 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், எந்நேரமும் அழைக்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பணியகம், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை அலுவலகம் ஆகியவையும் உண்டு. அண்மையில் நடந்ததென்றால் சட்ட வைத்திய அதிகாரியிடம் எவ்வளவு வேகமாகப் போகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணித்தியாலத்துக்குள் என்பது பொதுவான கணக்கு. குளிக்க வார்க்காதீர்கள், உடுப்பைத் துவைக்காதீர்கள், பொலித்தீன் பையில் போட்டால் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டும், கடதாசிப் பையில் போடுங்கள். உடம்பில் காயம் இல்லை என்று அறிக்கை வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளில்லை, பெரும்பாலான உண்மைச் சம்பவங்களில் உடல் பரிசோதனை இயல்பாகவே இருக்கும். பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்தப் பதிவுக்கு முன் அம்மா, பெரியம்மா, அதிபர், பாஸ்டர், கட்டாடியார் என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை வைத்தே உண்மையான குற்றவாளியை வெளியே கொண்டுவந்துவிடுவார். இதை நான் பெற்றோரிடம் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூடக் கேட்பது பிள்ளைக்குச் செய்யும் உதவி ஆகாது.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஏதாவது அறிவிக்கத்தான் வேண்டும் என்றால் அதிபர் ஒரு சிறு கடிதம் எழுதலாம். பெயர் வேண்டாம், குற்றத்தின் விவரம் வேண்டாம். பாடசாலை தொடர்பான முறைப்பாடு ஒன்று உரிய அதிகாரிகளிடம் கொடுக்கப்பட்டுள்ளது, பிள்ளைகளை இது பற்றிக் கேள்வி கேட்க வேண்டாம், பிள்ளை தானாக ஏதாவது சொன்னால் அதன் சொல்லிலேயே எழுதிவைத்து இந்த இலக்கத்துக்கு அழையுங்கள், வட்சப் குழுக்களில் பகிர வேண்டாம். இந்த நான்கு வசனம் போதும். குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணை முடியும்வரை பிள்ளைகள் இல்லாத வேலைக்கு மாற்றுங்கள், சம்பளத்தை நிறுத்தாதீர்கள். குரல்பதிவு ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் அதை வேறொருவருக்கு அனுப்பாமல் விசாரிக்கும் பொலிஸ் உத்தியோகத்தரிடம் மட்டும் ஒப்படையுங்கள்.